பொறி யார் கையில்?

மரத்திலே ஒரு மயில். தோகை விரித்து, கழுத்தைச் சாய்த்து, கதவுப் பலகையிலே நின்று ஆடுகிறது. அதைச் செதுக்கிய கைக்கு வயது ஐம்பது. உளி பிடித்துக் காய்த்துப்போன கை. கொட்டாப்புளி ஓங்கி ஓங்கித் தோள் இறங்கிப்போன கை. இருபது நாள் குனிந்த தலை நிமிராமல் உழைத்து அந்த மயிலை ஈன்றெடுத்தது அந்தக் கை.

இன்னொரு மயில் வேண்டுமென்றால்? இன்னும் இருபது நாள் என்கிறார் தச்சர். "இருபது நாளா? ஓர் இரவு போதும்!" என்று இரைகிறது, ஒரு மூலையிலே உட்கார்ந்திருக்கும் பொறி.

ஆமாம் தோழர்களே! பொறி வந்துவிட்டது. பெரிய ஆலைக்குள்ளே இருக்கும் பொறி அல்ல. மேசைமீது வைக்கலாம், வீட்டின் ஒரு மூலையிலே ஒதுக்கலாம். மேல்நாட்டிலே, பொழுதுபோக்காக மரவேலை செய்வோர் வாங்கி வைத்து விளையாடும் அளவுக்குச் சிறிய பொறி. அதன் பெரிய அண்ணனைத்தான் நம் ஊர்க் கதவுக் கடைகளிலே "சி.என்.சி." என்று அழைக்கிறார்கள். கடைத்தெருவுக்குப் போய் நிலைக்கதவு கேட்டுப் பாருங்கள். "கை வேலையா, சி.என்.சி. வேலையா?" என்றுதான் முதற் கேள்வி பிறக்கும். இரண்டுக்கும் விலை வேறு. இரண்டுக்கும் பின்னே உள்ள வாழ்வும் வேறு!

அந்தப் பொறி என்ன செய்கிறது என்பதை முதலிலே தெரிந்துகொள்வோம். தெரியாத பொருளைக் கண்டு மிரளுவது பாமரத்தனம். தெரிந்துகொள்ளாமலே புகழ்வது அதைவிடப் பாமரத்தனம்.

பொறிக்குள்ளே, செதுக்கிய பலகையை வைக்கிறார்கள். மேலேயிருந்து ஒரு மெல்லிய முனை இறங்கி வந்து பலகையைத் தொடுகிறது. எவ்வளவு ஆழத்திலே தொட்டோம் என்று குறித்துக்கொள்கிறது. எழுகிறது, மயிரிழை நகர்ந்து மீண்டும் தொடுகிறது. ஏர் உழுவதுபோல வரிசை வரிசையாகப் போய், மேடு எது பள்ளம் எது என்று பலகை முழுவதையும் எண்களாக்கிக் கணிப்பொறிக்குத் தருகிறது. சில பொறிகள் தொடுவதுகூட இல்லை. ஒளிக்கதிரைப் பாய்ச்சியே அளவெடுத்துவிடுகின்றன. கைப்பேசியிலே பல பக்கமிருந்து படம் எடுத்து, அந்தப் படங்களைச் சேர்த்தே உருவத்தை வடித்துவிடும் முறையும் வந்துவிட்டது. பிறகு தொடும் முனையைக் கழற்றிவிட்டுச் சுழலும் வெட்டுமுனையை மாட்டுகிறார்கள். வெறும் பலகை உள்ளே போகிறது; மயில் வெளியே வருகிறது. ஒன்று வந்தால் ஒன்பது வரும். ஒன்பது வந்தால் ஓராயிரம் வரும்!

இது நேற்று முளைத்த எண்ணமும் அல்ல. நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், முதுமையிலே தம் வீட்டு மாடியறையிலே உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா? சிலையைத் தொட்டுத் தொட்டு அதேபோல் இன்னொரு சிலை செதுக்கும் பொறியைச் செய்துகொண்டிருந்தார். அதிலே வடித்த சிலைகளை நண்பர்களுக்கு அனுப்பி, எண்பத்துமூன்றாம் வயதிலே அடியெடுத்து வைக்கும் ஓர் இளங்கலைஞனின் படைப்பு இது என்று கேலியாகச் சொல்லிக்கொண்டார். 1819-இல் அவர் மறைந்தார். அந்த அறை இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலே இருக்கிறது.

அதே காலத்திலே அமெரிக்காவிலே தாமஸ் பிளான்சர்ட் என்பார் மற்றொரு பொறி கண்டார். துப்பாக்கியின் மரக் கட்டையை மாதிரியாக வைத்தால், அந்த மாதிரியைத் தடவிக்கொண்டே அதைப்போன்ற கட்டையைக் கடைந்து தள்ளும் கடைசல் பொறி. 1834-இல் லண்டன் பாராளுமன்ற மாளிகை எரிந்தது. புதிய மாளிகை எழுந்தபோது, அதன் மரச்சிற்ப வேலைகளுக்கு ஜோர்டன் என்பாரின் செதுக்குப் பொறியைக் கொண்டுவந்தார்கள். முரட்டு வேலையைப் பொறி முடித்தது; நுண் வேலையைக் கை முடித்தது. 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே எண்களின் ஆணைக்கு ஆடும் வெட்டுப்பொறியை இயக்கிக் காட்டினார்கள். அதன் பேரப்பிள்ளைதான் நம் கதவுக் கடையிலே இன்று இரைந்துகொண்டிருப்பது!

மந்திரமல்ல, மாயமல்ல; இருநூறு ஆண்டு மனித அறிவின் விளைச்சல். அறிவின் விளைச்சலை நாம் வெறுப்பவர்கள் அல்ல. ஆனால், விளைச்சல் யார் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போகிறது என்று கேட்காமல் விடுபவர்களும் அல்ல!

பொறியால் முடியாதது

பொறியின் ஆற்றலைச் சொன்னோம். அதன் இயலாமையையும் சொல்ல வேண்டாமா?

மேலேயிருந்து தொடும் முனைக்கு, மேலேயிருந்து தெரிவது மட்டுமே தெரியும். கொடியின் அடியிலே குடைந்து, இலைக்குப் பின்னே வெளிச்சம் புகும்படி நம் தச்சர் செதுக்கியிருப்பார். அந்தக் குடைவு அதற்குத் தெரியாது. அதை மண் நிரப்பிய குழிபோல் அடைத்துவிட்டுத்தான் படி எடுக்கும். வெட்டுமுனையின் பருமனைவிடக் குறுகிய மூலைக்குள் அது நுழையாது, கூர்மையெல்லாம் மழுங்கிவிடும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து உளியைத் திருப்புவது தச்சரின் கண். ரேகை எது, கணு எது என்று பொறிக்குக் கவலையில்லை. சிம்பு எழும்பினால் எழும்பட்டும், மூக்கு உடைந்தால் உடையட்டும்! மூலச் சிற்பத்திலே ஒரு விரிசல் இருந்தால் அதையும் பயபக்தியோடு பார்த்துச் செதுக்கி வைக்கும். தேய்ந்த மூக்கிருந்தால் ஆயிரம் படிக்கும் தேய்ந்த மூக்குதான்!

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலே வாகை, மா, வேம்பு என்று கட்டையைத் தேர்ந்து, ஒரே கட்டையிலே உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். அந்த வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் கிடைத்தது. அந்தக் கைகள் ஒரே உருவத்தை நூறு முறை செய்தாலும் நூறும் நூறு முகம். பொறி ஆயிரம் செய்தாலும் ஒரே முகம்! முதல் மயிலைப் பொறி படைக்காது. முதல் மயிலுக்கு ஒரு மனிதன் வேண்டும். படி எடுக்கத்தான் பொறி. படைக்கக் கை!

இந்த உண்மையைத்தான் இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாகப் புரட்டுகிறார்கள்.

"குலத்தொழில் போகிறதே!"

முதற் கூட்டம் மூக்கைச் சிந்துகிறது. "தெய்விகக் கலை அழிகிறதே! தந்தை வழி வந்த தொழில் போகிறதே! பொறியைத் தடை செய்யுங்கள்!" என்று கண்ணீர் வடிக்கிறது. யார் இவர்கள்? உளி பிடித்தவர்களா? இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உளி பிடிக்கிறார்களா? அதுவும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் கணிப்பொறி முன்னே. தச்சர் மகன் மட்டும் மரத்தூளுக்கு நடுவே! அந்த ஏற்பாடு குலையக் கூடாது என்பதற்காக வடிகிற கண்ணீர் அது.

இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி, கிராமத்துப் பள்ளிகளிலே பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? தச்சன் மகன் தச்சன், குயவன் மகன் குயவன் என்று எழுதி ஒட்டும் திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. புதைத்த இடத்திலே மீண்டும் முளை விடுமா என்று சிலர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 17-இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. 18 தொழில்கள், தச்சும் சிற்பமும் அவற்றிலே உண்டு. கடன் தருவது நல்லதுதான். ஆனால், குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலா என்று பார்ப்பதும், 18 வயதிலேயே பிள்ளையைப் பட்டறைக்கு இழுப்பதும் என்ன நியாயம் என்று தமிழ்நாடு கேட்டது. 2024-இல் அந்த வடிவிலே ஏற்க இயலாது என்று சொன்னது. 2025 ஏப்ரலில் நம் காஞ்சி மாவட்டத்துக் குன்றத்தூரிலே கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. எந்தச் சாதி என்று கேட்பதில்லை. 35 வயது நிறைந்தோர்க்கு 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம், மானியத்துக்கு 50,000 ரூபாய் உச்சம் என்று விதி செய்தார்கள். படிக்கும் வயதிலே படிக்கட்டும். தொழிலைத் தேர்ந்தபின் கடன் பெறட்டும் என்பது அதன் பொருள்.

எனவே முதற் கூட்டத்தாருக்கு நம் விடை இது: பொறியைத் தடை செய்யச் சொல்லாதீர்! முதுகொடிக்கும் வேலையைப் பொறி வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும். 'இனிவரும் உலகம்' என்று பெரியார் எழுதியபோது, பொறிகள் பெருகும், மனிதனின் பாடு குறையும் என்றுதான் மகிழ்ந்து எழுதினார். பழைமைக்குத் திரும்புங்கள் என்று எழுதவில்லை. தச்சர் மகன் மருத்துவராகட்டும். மருத்துவர் மகளுக்கு ஆசையிருந்தால் மரச்சிற்பியாகட்டும்! மாமல்லபுரத்திலே 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளி இன்று கல்லூரியாக இருக்கிறது. மரச்சிற்பமும் அங்கே பாடம். விண்ணப்பம் போட்டால் உளி கிடைக்கும். குலம் கேட்டு அல்ல!

"முன்னேற்றம் வருகிறதே!"

இரண்டாம் கூட்டம் எக்காளமிடுகிறது. "முன்னேற்றத்தைத் தடுக்காதே! மலிவாகக் கிடைக்கிறதே, ஏழையும் மயில் கதவு போடலாமே!" என்கிறது. பேச்சு இனிக்கிறது. கணக்கைப் பார்ப்போமா?

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மயில் பலகைக்குத் தச்சரின் உழைப்பு 20 நாள். நாளுக்கு 1,000 ரூபாய் கூலி என்றால் 20,000 ரூபாய். வணிகர் ஒரே ஒரு பலகை வாங்குகிறார். பொறியிலே வைத்து 50 படி எடுக்கிறார். ஒன்று 6,000 ரூபாய் என்று விற்கிறார். கைக்கு வருவது 3 லட்சம். மரம், மின்சாரம், பொறியின் தேய்மானம், ஆள் கூலி என்று பாதியைக் கழித்தாலும் ஒன்றரை லட்சம் மிச்சம். தச்சருக்கு? முதலில் தந்த இருபதாயிரத்தோடு சரி. அதுமட்டுமா? அடுத்த திங்கள் அவர் தம் இரண்டாவது மயிலோடு கடைக்குப் போனால், "இதேதான் அங்கே ஆறாயிரத்துக்குத் தொங்குகிறதே!" என்று விரட்டுவார்கள். தன் மயிலே தனக்குப் பகை! தன் கையே தன் கழுத்தை நெரிக்கிறது!

இதுவா முன்னேற்றம்? யாருடைய முன்னேற்றம்?

1811-இலிருந்து இங்கிலாந்திலே நெசவாளிகள் பொறிகளை உடைத்தார்கள். உடைத்தால் தூக்கு என்று 1812-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிரபுக்கள் சபையிலே எழுந்து நின்று பேசினார் கவிஞர் பைரன். பொறியின்மீது அந்தத் தொழிலாளருக்குப் பிறவிப் பகையா? இல்லை. பொறி தந்த ஆதாயம் ஒருவனுக்கும், பொறி தந்த பட்டினி தமக்கும் என்று பங்கு பிரிந்ததே, அந்தப் பங்கீட்டின் மீதுதான் பகை. பொறியை உடைத்தது தவறான வழி. அவர்கள் கேட்ட கேள்வியோ சரியான கேள்வி!

காஞ்சி மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டுச் சேலைக்குக் கரை போட நெசவாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கரையைப் பார்த்து விசைத்தறியிலே ஓட்டி, அதே பெயரிலே விற்பார்கள். கைத்தறியாளர் வயிற்றிலே ஈரத்துணி கட்டிய நாளிலே, 1953-இல் திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து கூவி விற்றார், காஞ்சியிலே பிறந்த அண்ணா. பிறகு 1985-இல், இன்னின்ன துணி கைத்தறிக்கே உரியது என்று ஒதுக்கும் சட்டமும் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. தறிக்கு ஒரு சட்டம் உண்டு. உளிக்கு என்ன சட்டம்?

சட்டம் என்ன சொல்கிறது?

இருக்கிறதைச் சொல்வோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தையும் கலைப் படைப்பு என்று ஏற்கிறது. ஒருவர் சொந்தமாகக் கற்பனை செய்து வடித்த சிற்பத்துக்கு, அவர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஆனால், வழிவழியாக வந்த யாளியும் அன்னமும் எவர் ஒருவருக்கும் சொந்தமல்ல; அதற்குத் தனியுரிமை கேட்க முடியாது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைக் காக்கிறது. பொறியிலே வடித்ததை ‘கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்’ என்று விற்றால் குற்றம். அந்தப் பெயரைச் சொல்லாமல் அதே உருவத்தை விற்றால்? அந்தச் சட்டம் வாயைத் திறக்காது. பெயருக்குப் பூட்டு, உருவத்துக்குத் திறந்த வாசல்!

சட்டத்தின் படியேறுவது யார்? வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர். கொட்டாப்புளி பிடித்தவர், பதிப்புரிமை என்றால் புத்தகம் போடுகிறவர்களுக்கு உள்ளது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னவர் எத்தனை பேர்?

உத்திரமேரூரின் கல் என்ன சொல்கிறது?

நம் உத்திரமேரூரின் பெருமையைப் பேசாத மேடையில்லை. முதலாம் பராந்தகன் காலத்திலே, 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு, குடவோலை முறை, கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது என்ற விதி. அந்த விதி அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடத்துக்குள்ளே யார் பெயர் எழுதிய ஓலை விழுந்தது? நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் கல்லே சொல்கிறது. அது சதுர்வேதிமங்கலம். கல்லிலே எழுத்தை வெட்டிய கை எவருடையது? மரத்திலே தேரும் கதவும் செதுக்கிய கை எவருடையது? அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் குடத்துக்குள்ளே போகவில்லை!

ஆயிரம் ஆண்டுக்கு முன் விதி செய்த இடத்திலே உழைத்த கைக்கு இடமில்லை. இன்று பொறிக்கு விதி செய்ய வேண்டிய நேரம். இப்போதும் அந்தக் கையின் ஓலை வெளியேதான் கிடக்க வேண்டுமா?

நாம் கேட்பது

பொறியை உடை என்று நாம் சொல்லவில்லை. பொறியைக் கொடு என்கிறோம்!

ஒன்று: செதுக்குப் பொறியும் அளவெடுக்கும் கருவியும் தச்சர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாகட்டும். முரட்டு வெட்டைப் பொறி செய்யட்டும். முகத்தையும் விரலையும் கை முடிக்கட்டும். இருபது நாள் வேலை பத்து நாளாகட்டும். அந்தப் பத்து நாள் மிச்சம் தச்சருக்கே சேரட்டும்.

இரண்டு: ஒருவர் கற்பனையிலே பிறந்த சிற்பத்தை அவர் ஒப்புதலின்றிப் படி எடுக்கக் கூடாது. எடுத்தால் படிக்கு இவ்வளவு என்று பங்கு தரட்டும். மேலே சொன்ன கணக்கிலே படிக்குப் பத்து விழுக்காடு என்றாலே 600 ரூபாய். 50 படிக்கு 30,000 ரூபாய். முதல் மயிலுக்குக் கிடைத்த கூலியைவிட அதிகம்! வணிகருக்கும் நட்டமில்லை; தச்சருக்கும் பட்டினியில்லை.

மூன்று: விற்கும் பொருளிலே உண்மையை எழுதட்டும். கையால் செய்தது, பொறியால் செய்தது, இரண்டாலும் செய்தது என்று மூன்றே முத்திரை. பொறிப் பொருளைப் புதிதாகச் செய்து, மையைத் தடவி, பழைய செட்டிநாட்டு வீட்டுச் சிற்பம் என்று தலையிலே கட்டும் மோசடிக்கும் அதுவே பூட்டு.

நான்கு: கறையான் அரிக்கும் பழந்தேர்களையும், இடிபடும் வீடுகளின் தூண்களையும் அளவெடுத்து அரசு காப்பகத்திலே வைக்கட்டும். திருட்டுப் போனால் அடையாளம் காட்ட உதவும். பழுது பார்க்க மாதிரியாகும். படிக்கும் பிள்ளைக்குப் பாடமாகும். 1999-இல் இத்தாலியிலே மைக்கலாஞ்சலோவின் சிலைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் இப்படித்தான் அளவெடுத்தார்கள். மைக்கலாஞ்சலோவுக்குக் கிடைத்த மரியாதை, பெயர் தெரியாத நம் தச்சருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஐந்து: பொறியருகே நிற்கும் தொழிலாளியின் நெஞ்சு. மரத்தூள் புற்றுநோய் தருவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. உளி சீவுகிறது, பொறி மாவாக அரைக்கிறது. தூள் உறிஞ்சும் கருவியும், முகமூடியும், காதுக்குக் காப்பும் இல்லாத பட்டறையிலே பொறி ஓடக் கூடாது. மயில் அழகாக வந்து, மனிதன் இருமிச் சாவதா?

தோழர்களே! மேடையிலே கைதட்டியதோடு இது முடியாது. உங்கள் ஊரிலே தச்சுப் பட்டறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பதிப்புரிமை என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லுங்கள். தாம் புதிதாகச் செய்த உருவத்தைப் படம் எடுத்து, நாள் குறித்து, தம் பெயரோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடன் திட்டத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். பத்துப் பேரைச் சேர்த்துச் சங்கம் காணச் சொல்லுங்கள். பொறி ஒன்றுக்கு ஒருவர் முதலாளியானால் பத்துத் தச்சர் கூலியாட்கள். பத்துத் தச்சருக்குப் பொறி சொந்தமானால் பொறிதான் கூலியாள்!

மயிலைச் செதுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை உள்ளவரையில்தான் பொறிக்கும் பிழைப்பு. பொறி பழுதானால் உதிரிப்பாகம் வாங்கிவிடலாம். கை ஓய்ந்துபோனால் எந்தக் கடையிலே வாங்குவது? அந்தக் கையின் பங்கை அந்தக் கையிலேயே வைக்கும் வரையில் நம் கேள்வி ஓயாது.

பொறி வரட்டும், வரவேற்போம். யார் கையில் என்று மட்டும் கேட்போம், விடை கிடைக்கும் வரை!